தாளம் தப்பிய இதயமும் அதனைத் திருத்தக் கற்பவரும்

யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதி அனுப்புக என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, பழைய ஆசிரியர்களைப் பற்றியும் பழைய கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றியும் எழுதுவதற்கு என்னினும் தகுதியுடையார் பலர் உளர் என்றே எண்ணினேன். ஆதலின், என் உத்தியோக வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்த மலைநாட்டையும், அங்கே நான் காலந்தாழ்த்திக் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தையும் பற்றி எழுதத் துணிந்தேன். இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுவது எவ்வாறு, அதனைச் சீர்செய்யும் தனித்துறை மருத்துவர் உருவாவது எவ்வாறு என்பனவே இங்குக் கூறப்புகும் பொருள். நம் கல்லூரியில் இன்று உயிரியற் பிரிவிற் பயிலும் மாணவருள் இருவர் மூவரேனும் இதனைப் படிப்பர் என்ற ஆசையும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து முப்பத்து நான்கு வயதுடைய பெண்ணொருவர் நான் பணியாற்றிய வைத்தியசாலைக்கு வந்தார். கொழுந்து பறிப்பவர், இரண்டு பிள்ளைகளின் தாய். கூடையைத் தலையிற் கொளுவிக்கொண்டு மலையேறும்போதோ, குனிந்து நிமிரும்போதோ, சில வேளை ஒன்றுமே செய்யாது லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும்போதோ, நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும் என்றார். “நெஞ்சுக்குள்ள குருவி சிறகடிக்கிற மாதிரி இருக்குங்க ஐயா. கண்ணு இருட்டிக்கிட்டு வரும். கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே இல்லாம போயிடும்” என்பது அவர் வாக்கு. அவ்வாறு வந்த நாட்களிற் பாதியில் மலையைவிட்டு இறங்க நேரும், அன்று அரைப்பேர்தான். மாமியார் காற்றுக் கருப்பு என்று கூறி முனியாண்டி கோயிலிற் கயிறு கட்டுவித்திருந்தார். வேறோரிடத்தில் அது வெறும் பயம் என்று கூறி உறக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருந்தனர்.

நான் கைபிடித்துப் பார்த்தேன். நாடி நிமிடத்துக்கு 78; ஒழுங்காகவே நடந்தது. மின்னிதயப் பதிவு, அதாவது எல்லாரும் இ.சி.ஜி. என்று சொல்லும் பதிவு, எடுத்தேன், அதிலும் குற்றமில்லை. மாமியாரையும் மற்றை வைத்தியரையும் குறைகூற எனக்கு உரிமையில்லை. நானும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, மனத்தைத் தேற்றிக்கொள்ளுமாறு அறிவுரை கூறியே அனுப்பிவைத்தேன்.

அவர் மீண்டும் வந்தது ஏறக்குறைய மூன்று மாதங்களின் பின். அம்முறை, கேட்க வேண்டிய ஒரு கேள்வியைத் தற்செயலாகக் கேட்டேன்: “அம்மா, அது மெல்ல மெல்ல அடங்குமா, சட்டென்று நிற்குமா?” அவர் விரலை மடக்கிக் காட்டி, “லைட்டை அணைச்ச மாதிரிங்க ஐயா” என்றார். படபடப்பு வரும்போது கழுத்திலும் துடிப்பதாகவும், நின்றபின் இரண்டு மூன்று முறை சிறுநீர் போவதாகவும் சொன்னார். அச்சத்தினால் எழும் படபடப்பு ஏணியில் ஏறி ஏணியில் இறங்கும். இது கூரையிலிருந்து குதித்துக் கூரைக்கே தாவுவது. என் தவறு அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அவர் பயப்படவில்லை, அவர் இதயத்தின் மின்னோட்டம் வழிதவறி வட்டமிட்டுக் கொண்டிருந்தது.

வழி என்றேன். அவ்வழி யாது என்பதைச் சிறிது விரித்துரைப்பது நன்று. இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் கட்டளை பிறப்பது வலது மேலறையின் உச்சியில், மேற்பெருஞ்சிரை வந்து கலக்குமிடத்திலுள்ள சிறு தசைத் திட்டொன்றிலாகும். பாடநூலார் மேலறையைச் சோணையறை என்றும், கீழறையை இதயவறை என்றும் வழங்குவர். மேலறையிற் பிறந்த மின்கட்டளை கீழறைக்குச் செல்லுதற்கு ஒரேயொரு வாயில்தான் உண்டு. அவ்வாயிலில் இருப்பதை இடைக்கணு என்போம். கட்டளை அங்கே ஒரு நொடியின் பத்திலொரு கூறளவு தாமதிக்கின்றது. மேலறையிலுள்ள குருதி கீழறைக்கு இறங்கி முடிவதற்காக இயற்கை வைத்த தாமதம் அது. ஹற்றனுக்குப் புகையிரதத்திற் சென்றவர்கள், ஒற்றைப் பாதையில் வண்டி நிலையத்தில் நின்று, அடுத்த பகுதிக்குரிய டப்லட் வளையத்தைச் சாரதி கையில் வாங்கிய பின்னரே புறப்படுவதைக் கண்டிருப்பார்கள். இடைக்கணு அத்தகைய நிலையம்.

இப்பெண்ணுக்கு நேர்ந்தது இந்நிலையத்தில் விளைந்த குழப்பமே. சிலருக்கு இடைக்கணுவை அணுகும் வழி இரண்டாக அமைந்திருக்கும், பிறவியமைப்பே அது. தோட்டத்தில் வண்டிப்பாதை ஒன்றும் குறுக்குப்பாதை ஒன்றும் இருப்பதுபோல என்று கொள்க. குறுக்குப்பாதையாற் போனால் விரைவு. ஆனால் மழைநாளில் ஒருவர் போனபின் அது சேறாகி, மறுபடி கால்வைக்கச் சற்று நேரமாகும். வண்டிப்பாதை சுற்று, ஆயினும் விரைவிலேயே மீண்டும் தயாராகிவிடும். வழக்கமான கட்டளை குறுக்கால் இறங்கிவிடுகின்றது. எப்போதேனும் ஒரு துடிப்பு முந்திப் பிறந்துவிட்டால், குறுக்குப்பாதை இன்னும் தயாராகாமையால், அது வண்டிப்பாதையால் இறங்குகின்றது. கீழே வந்து சேரும்போது குறுக்குப்பாதை காய்ந்து கிடக்கின்றது; உடனே அதன்வழி மேலேறுகின்றது. மேலே வந்ததும் மீண்டும் வண்டிப்பாதை. இவ்வாறு நிமிடத்துக்கு 180, 200 என்று சுற்றிச் சுற்றி ஓடும். ஒவ்வொரு சுற்றுக்கும் கீழறை ஒருமுறை சுருங்கும். மேலறையும் கீழறையும் ஒரேகாலத்திற் சுருங்குவதால் குருதி கழுத்துச் சிரையில் எதிர்த்து மோதும். அவர் கழுத்திலே துடிப்பு என்று சொன்னது அதனையே. ஏதேனும் ஒரு சுற்றில் ஒரு வழி அடைபட்டால், அக்கணமே எல்லாம் நின்றுவிடும். இவ்வகைப் படபடப்பு ஆடவரிலும் பெண்டிரிடத்தே மிகுதி. அது பயமென்று தள்ளப்படுவதும் பெண்டிர் விடயத்திலேயே மிகுதி என்பது உலகெங்கும் உள்ள மருத்துவர் ஒப்புக்கொண்ட குறை.

இவ்வழிகளைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. இடைக்கணுவை 1906ஆம் ஆண்டில் விளக்கியவர், ஜேர்மனியின் மார்பூர்க் நகரில் ஆஷொவ் என்னும் பேராசிரியரிடம் பயிலவந்த தவாரா என்னும் யப்பானியர். கட்டளை பிறக்கும் மேற்கணுவைக் கண்டவரோ ஒரு மாணவர். அதே 1906இன் கோடையில், இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்தில், ஆதர் கீத் என்னும் உடற்கூற்றறிஞரின் நாட்டுப்புற வீட்டிலே மாட்டின் பிளக் என்ற மருத்துவ மாணவர் அகழெலி ஒன்றின் இதயத்தைச் சீவிச் சீவி நுணுக்குக்காட்டியிற் பார்த்துக்கொண்டிருந்தார். கீத் தம் மனைவியோடு சைக்கிளில் உலாப்போயிருந்தாராம். திரும்பி வந்தபோது மாணவர் தாம் கண்ட புதுமையை ஆசிரியருக்குக் காட்டினார். 1907இல் இருவர் பெயராலும் அது வெளிவந்தது. ஆசிரியர் வெளியே போகும் நேரமும் கல்விக்கு உதவும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

ஒல்லாந்தின் லெய்டன் நகரத்து ஐந்தோவன் அமைத்த கருவியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றேன். ஏனெனில் நம் மலைநாட்டுக்கு வேண்டிய பாடம் அதிலேயே அடங்கியுள்ளது. அவர் செய்த நூற்கம்பி மின்மானி ஏறக்குறைய 270 கிலோகிராம் நிறையுடையது. அதனை இயக்க ஐவர் வேண்டும். நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்ச் சாடிகளில் அமிழ்த்தி உட்கார வேண்டும். அத்தகைய பூதத்தை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக இயலுமா? நோயாளரையும் ஆய்வுகூடத்துக்குத் தூக்கிவர இயலாது. ஐந்தோவன் என்ன செய்தார்? 1905ஆம் ஆண்டில், ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவிலிருந்த வைத்தியசாலையிலேயே நோயாளரை இருக்கச்செய்து, தொலைபேசிக் கம்பிவழியாக இதயத்தின் மின்னசைவைத் தம் ஆய்வுகூடத்துக்கு வரவழைத்துப் பதிந்தார். நோயாளர் இருக்குமிடத்திலே துடிப்பைப் பிடி, அறிவாளர் இருக்குமிடத்திலே அதனைப் படி என்னும் முறை இவ்வாறு இத்துறையோடு உடன்பிறந்தது. 1924இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவர் அலைகளுக்கு இட்ட பீ, கியூ, ஆர், எஸ், ரீ என்னும் ஐந்தெழுத்தும் இன்றுவரை மாறவில்லை.

பதிந்து படித்தல் ஒன்று. உள்ளே சென்று திருத்தல் மற்றொன்று. பின்னையது வருவதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. 1967இல் அம்ஸ்ரடாமில் டூரரும், தனியே பாரிசில் கூமெலும், இதயத்துக்குச் சிறு மின்தூண்டலை உரிய கணத்திற் கொடுத்தால் இவ்வகைச் சுழலோட்டத்தை வேண்டும்போது தொடக்கவும், வேண்டும்போது நிறுத்தவும் முடியும் என்று காட்டினர். 1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சீலி என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், பிறவியிலேயே மிகையான மின்வழியோடு பிறந்த மீனவர் ஒருவரின் நெஞ்சைத் திறந்து அவ்வழியை வெட்டித் துண்டித்தார். கடலிலே உழைத்துண்ட தொழிலாளிக்கே அப்பெருஞ்சிகிச்சை முதலிற் கிடைத்தது என்பதை நான் மகிழ்ச்சியோடு நினைப்பதுண்டு. 1969இல் ஷேர்லாக் என்பவர், தொடையின் சிரைவழியே செலுத்திய மெல்லிய கம்பிக்குழாயினால் இதயத்தின் உள்மின்னோட்டத்தைப் பதியும் முறையை வகுத்தார். 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் ஷைன்மன், நெஞ்சைத் திறவாமலே, அக்குழாய்வழி மின்னதிர்ச்சி கொடுத்து வழியை அடைத்தார். அதிர்ச்சி முறை முரடானது. 1980களின் பிற்பகுதியில் வானொலி அலை மின்னோட்டத்தால் இழையத்தை மெல்லச் சூடாக்கிச் சுடும் முறை வந்தபின்னரே இது பரவலான சிகிச்சையாயிற்று. அமெரிக்காவில் இதற்கெனத் தனித் தகுதித் தேர்வு முதன்முதல் நடத்தப்பெற்றது 1992இல்தான். ஆகவே, இதய மின்னியல் நிபுணர் என்னும் பெயருடையோர், மருத்துவக் குடும்பத்தில் மிக இளைய பிள்ளைகள்.

இனி அவர்தம் பயிற்சிக்கு வருவோம். நம் நாட்டில், மருத்துவ பீடத்தில் ஐந்தாண்டு. உள்ளகப் பயிற்சி ஓராண்டு. அதன்பின், 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அமைந்த பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் எம்.டி. தேர்வுகள், அதன்பின் இதயநோய்ப் பிரிவிற் சிரேஷ்ட பதிவாளராகப் பயிற்சி, அதில் ஒரு பகுதி கடல்கடந்த நாட்டில். இந்தியாவில், எம்.டி. மூன்றாண்டு, இதயவியலில் டி.எம். மூன்றாண்டு, அதற்கு மேலும் மின்னியலுக்கெனத் தனிப்பயிற்சி. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் அது நடைபெறுகின்றது. அமெரிக்காவில் பொதுமருத்துவம் மூன்று, இதயவியல் மூன்று, மின்னியல் இரண்டு. எப்படிக் கூட்டினும், பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை தனித்து நின்று ஒரு நோயாளரின் இதயத்துள்ளே சூடு வைப்பதற்குப் பதினைந்தாண்டு வரை ஆகிவிடும். கடல்கடந்து கற்றல் என்பதும் புதிதன்று. 1917இல் பர்மாவிற் பிறந்து, டில்லியில் இதயவியலுக்கு அடிகோலிய மருத்துவர் எஸ். பத்மாவதி, ஜோன்ஸ் ஹொப்கின்சிலும், பின்னர் ஹாவாட்டில் போல் வைற் என்பாரிடத்தும் பயின்றார். 1930இல் வேறிருவரோடு சேர்ந்து, மேற்கூறிய மிகை மின்வழி நோயைத் தெளிவாக விளக்கியவர் அந்த வைற்தான். பத்மாவதி அம்மையார் நூறாண்டைக் கடந்து வாழ்ந்து 2020இல் மறைந்தார்.

ஆண்டுக் கணக்கு இருக்கட்டும். அவ்வாண்டுகளில் அவர் கற்பது யாது? முதலிற் கற்பது பொறுமையாகப் படித்தல். இதயத்தின் நான்கு இடங்களில் நான்கு கம்பிக்குழாய்கள் வைக்கப்பட்டிருக்கும். திரையிலே பத்துப் பன்னிரண்டு கோடுகள் ஓடும். எந்தக் கோடு எந்தக் கோட்டுக்கு எத்தனை மில்லிநொடி முந்திற்று என்பதே வழக்கு. ஒரு நொடியில் ஆயிரத்திலொரு பங்கு மில்லிநொடி. முப்பது மில்லிநொடி வேறுபாட்டினால் நோயின் பெயரே மாறிவிடும். பின்னர், நோயை வலிந்து வரவழைக்கக் கற்கின்றார். நலமாகப் படுத்திருக்கும் ஒருவருக்கு, முந்திய துடிப்பொன்றைக் கொடுத்து, அவர் அஞ்சிய அந்தப் படபடப்பையே மேசைமீது எழுப்பவேண்டும். வரவழைத்தபின் பல சோதனைகளால் அதனை மடக்கிக் கேட்கவேண்டும்: நீ எவ்வழியால் இறங்குகின்றாய், எவ்வழியால் ஏறுகின்றாய்? குறுக்கு விசாரணையில் வல்ல வழக்கறிஞர் நம் பழைய மாணவருள் பலர் உளர். அவர்களுக்கு இத்தொழில் எளிதில் விளங்கும்.

இறுதியிலே கற்பது சுடுதல். உண்மையில், சுடுவதை நிறுத்தக் கற்பதே கடினம். நம் கொழுந்துப் பெண்ணுக்கு இருந்த நோயில், அடைக்க வேண்டியது அந்தச் சுற்றுவழியாகிய வண்டிப்பாதையை. அது இடைக்கணுவிலிருந்து சில மில்லிமீற்றர் முதல் ஒரு சென்றிமீற்றரளவு தூரத்திலே உள்ளது. குழாயின் நுனி ஐம்பது அறுபது பாகை வெப்பத்தை அடையும். சரியான இடத்திற் சூடு படும்போது, அவ்விடத்துத் தசை சினந்து தானே சில துடிப்புகளை எழுப்பும், அது நற்குறி. ஆயின் அத்துடிப்புகள் மேலறைக்கு ஏறாது நின்றுவிட்டால், வெப்பம் இடைக்கணுவையே தொடுகின்றது என்பது பொருள். அக்கணமே மிதியிலிருந்து கால் எடுக்கப்படவேண்டும். இரண்டு மூன்று நொடி தாமதித்தால், வாயில் நிரந்தரமாக அடைபட்டு, முப்பத்து நான்கு வயதுப் பெண் வாழ்நாள் முழுவதும் துடிப்பூட்டும் கருவியைச் சுமக்க நேரலாம். பயின்ற கையில் இச்சிகிச்சை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெற்றி தருவது. அவ்விபத்து நூற்றில் ஒருவருக்கோ அதனினும் குறைவாகவோ நேர்வது. அந்த ஒருவரைக் குறைப்பதற்காகவே இத்தனை ஆண்டுப் பயிற்சி. ஈயக் கவசத்தைத் தோளிற் சுமந்தபடி மணிக்கணக்காக நின்று, ஆசிரியரின் காலருகே தம் காலை வைத்து, எப்போது எடுப்பது என்பதை மாணவர் கற்கின்றார். புத்தகத்தால் வருவதன்று அது.

எல்லாத் தாளப் பிழையும் சூட்டினால் தீர்வன அல்ல என்பதையும் அவர் கற்கவேண்டும். நெருக்கமான லயக் காம்பிராக்களில் வளரும் பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் பரவி, அதிற் சிலருக்கு மூட்டுவாதக் காய்ச்சலாகி, இதயத்தின் ஈரிதழ் வாயிலைச் சுருக்கிவிடும். ஆண்டுகள் பல சென்றபின் மேலறை விரிந்து, துடிப்பு முற்றும் ஒழுங்கிழந்து நடுங்கத் தொடங்கும். அங்கே உறைந்த குருதித்துண்டு மூளைக்குப் போனால் ஒருபுறம் விழுந்துவிடும். இவர்களுக்கு வேண்டியது மூன்று நான்கு கிழமைக்கொருமுறை பெனிசிலின் ஊசியும், குருதி உறையாமைக்கு வார்பரின் மாத்திரையுமாம். இந்நோயாளருக்குப் புதிய மாத்திரைகளிலும் பழைய வார்பரின் வகையே மேலானது என்று பல நாடுகளில் நடந்து 2022இல் வெளிவந்த பேராய்வு காட்டிற்று. ஆனால் வார்பரின் உண்பவர் அடிக்கடி குருதிச் சோதனை செய்யவேண்டும். பஸ் ஏறிப்போகும் ஒவ்வொரு சோதனையும் ஒரு நாட்பேரை இழப்பது. மாத்திரை இலவசம்; அந்த நாள் இலவசமன்று.

முதியோருக்கு மின்வாயில் தானே அடைபட்டு, நாடி முப்பதுக்கு இறங்கி, நின்ற நிலையில் மயங்கி விழுவதும் உண்டு. அதற்கே துடிப்பூட்டும் கருவி. 1958 ஒக்தோபர் 8ஆம் நாள் ஸ்ரொக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவர் உடலில் முதற் கருவி புதைக்கப்பட்டது. அது சில மணிநேரத்திற் பழுதாயிற்று. அவரோ ஒன்றன்பின் ஒன்றாக இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றி, தம் 86ஆம் வயதில், 2001இல் காலமானார்.

இனி என் மலைநாட்டுக்குத் திரும்புகின்றேன். மேற்கூறிய ஆய்வுகூடமும் நிபுணரும் ஒவ்வொரு பெருந்தோட்டப் பிரிவிலும் இருக்கவியலாது; வேண்டுவதும் இல்லை. எனினும் நிபுணரின் பதினைந்தாண்டுப் பயிற்சி அனைத்தும் ஒரு சிறு தாளை நம்பி நிற்கின்றது: படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும் பொழுதே பிடிக்கப்பட்ட இ.சி.ஜி. தாள். அது இல்லையேல், நோயாளரை நிபுணரிடம் அனுப்புவதற்கே காரணம் காட்டமுடியாது. படபடப்பு வருவது மலையிலே. கருவி இருப்பது பட்டினத்திலே. நோய் இருபது நிமிடத்தில் ஓடிவிடும். ஓட்டோ பிடித்து வர நாற்பது நிமிடம். தோட்ட மக்களின் மருத்துவ உதவிக்கெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சட்டம் செய்தார்கள். தோட்டத்து மருந்தகங்கள் அவ்வழி வந்தவை. 1990 என்னும் எண்ணை அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை, 2016இல் இந்திய உதவியுடன் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்தது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கும் இந்திய உதவியால் எழுந்த 150 படுக்கைக் கட்டடம் 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. இவையெல்லாம் நன்மையே. ஆயினும், மருந்தகத்தில் இருப்பவர் அந்தத் தாளின் அருமையை உணர்ந்து, வரிசையில் நிற்கவிடாது உடனே மின்கம்பி பொருத்தினாலன்றி, கட்டடங்களால் இந்நோய்க்குப் பயனில்லை. கற்பிக்கவேண்டுவது அதிகமன்று: பத்து இடத்திற் கம்பி ஒட்டுதல், தாளை எடுத்துத் தொலைபேசியாற் படம்பிடித்து அனுப்புதல், சிகிச்சைக்கு முன் தாள் என்னும் ஒழுங்கு. ஐந்தோவன் கம்பிவழி அனுப்பியதை நாம் கைத்தொலைபேசியால் அனுப்பலாம். ஒன்றரைக் கிலோமீற்றருக்குப் பதிலாக நூற்றிருபது.

அப்பெண்ணுக்கு நான் செய்தது ஒன்றே. ஒரு சீட்டெழுதிக் கொடுத்தேன்: “இச்சீட்டைக் கொண்டு வருபவருக்கு, எந்நேரமாயினும், வேறெதுவும் கேளாது முதலில் இ.சி.ஜி. எடுக்கவும்.” அடியிற் பெயரும் கையொப்பமும் இட்டேன். தாதியருக்கும் சொல்லி வைத்தேன். இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் வாசலை அடையுமுன் நின்றுவிட்டது. இரண்டாம் முறை, “இனிமே வரமாட்டேங்க ஐயா, எல்லாரும் சிரிக்கிறாங்க” என்றார். நான் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொண்டேன். மூன்றாம் முறை, கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டுவந்த நாளிலே, வைத்தியசாலை வாசலிலேயே வந்துவிட்டது. சீட்டைக் கண்ட தாதி ஓடிவந்து தாளை எடுத்தார். நிமிடத்துக்கு 190, ஒழுங்கான, குறுகிய அலைகள், எனக்கு வேண்டியது அனைத்தும் அதில் இருந்தது.

அதன்பின்னரே நிறுத்தும் வேலை. 2015இல் இங்கிலாந்தில் 428 நோயாளரை வைத்துச் செய்த ஆய்வொன்றில் கண்ட எளிய முறையையே கையாண்டேன். அரைச் சாய்வாக இருத்தி, ஊசிக்குழலின் தண்டு சற்று நகருமாறு பதினைந்து நொடி ஊதச்செய்து, உடனே மல்லாத்திக் கால்களைப் பாதிச் செங்குத்தாகப் பதினைந்து நொடி தூக்கிப் பிடித்தோம். சாதாரணமாக ஊதச்செய்தால் நூற்றில் 17 பேருக்கும், இவ்வாறு கால்களைத் தூக்கினால் 43 பேருக்கும் படபடப்பு நிற்கும் என்பது அவ்வாய்வின் முடிபு. செலவு ஒன்றுமில்லை. அவருக்கும் நின்றது. “லைட்டை அணைச்சிட்டீங்க ஐயா” என்று அவரே சிரித்தார். இம்முறையை வைத்தியர் முன்னிலையில் ஒருமுறை கற்றுக்கொண்ட பின்னரே வீட்டிற் செய்யலாம் என்பதை வாசகர் மறவாதிருப்பாராக.

தாள் கொழும்புக்குப் போயிற்று. பல மாதங்களின் பின் அவரும் போனார். இரவுப் புகையிரதத்திற் கணவரும் உடன்சென்றார். இருவருக்கும் நாட்பேர் இல்லை. அங்கே நிபுணர் அந்த ஒரு தாளைப் பார்த்தே, இன்ன வழியாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே கூறினாராம். சிகிச்சை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. திரும்பி வந்தபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “எப்ப மலைக்குப் போகலாமுங்க?” தொடையிற் குழாய் செலுத்திய இடம் ஆறும்வரை ஒரு கிழமை கூடை தூக்கவேண்டாம் என்றேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, முகஞ் சுளித்துக்கொண்டு போனார்.

அதன்பின் அவருக்குப் படபடப்பு வரவில்லை. ஆனால் ஓராண்டு கழித்து, அவர் லயத்திலிருந்து வேறோர் இளம்பெண் அதே சீட்டோடு வந்து நின்றாள். என் கையொப்பம் அப்படியே இருந்தது. பெயர்மட்டும் வெட்டப்பட்டு, மேலே பென்சிலால் வேறு பெயர் எழுதப்பட்டிருந்தது. தாதி வழக்கம்போல் முதலில் தாளை எடுத்தார். அவளுக்கு இருந்தது குருதிச்சோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம். சீட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.